செந்தட்டி: வேலியோர நிழலில் வளரும் சுணைக்கொடி

ஐப்பசி மாதத்தில் இரண்டு மழை நன்றாகப் பெய்துவிட்டால் போதும். கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வேலிகளின் அடிப்பகுதி முழுவதும் பச்சை பிடித்துவிடும். புங்கமரத்து நிழல், கிணற்றடிச் சுவரோரம், ஏரிக்கரைப் புதர், மல்லாட்டைக் கொல்லையின் வரப்பு என்று வெயில் நேராக விழாத இடங்களிலெல்லாம் மெல்லிய கொடியொன்று மற்றச் செடிகளைச் சுற்றிக்கொண்டு மேலேறும். ஓரத்தில் வாள்பல் போன்ற வெட்டுகளைக் கொண்ட நீண்ட இலைகள்; தண்டு, இலை, காய் அனைத்திலும் நுண்ணிய மயிர்கள். பார்வைக்கு எளிய களைச்செடி. தொட்டவர் மறப்பதில்லை.

செந்தட்டி, சிறுகாஞ்சொறி, காஞ்சொறி என்று ஊருக்கு ஊர் வழங்கும் இக்கொடியைத் தாவரவியலார் டிராகியா இன்வொலுக்ராட்டா என்பர். ஆமணக்கு, குப்பைமேனி, மரவள்ளி ஆகியவை சேர்ந்த குடும்பமே இதன் குடும்பமும். டிராகியா என்னும் பெயர், 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த தாவர அறிஞர் ஹைரோனிமஸ் போக் என்பவரின் நினைவாக அமைந்தது. போக் என்பதற்கு அவர் மொழியில் ஆட்டுக்கடா என்று பொருள். அதன் கிரேக்க வடிவம் டிராகோஸ். கடாவின் பெயர் கொடிக்கு வாய்த்தது பொருத்தமாகவே தோன்றுகிறது. இரண்டுமே எதிர்பாராத நேரத்தில் முட்டக்கூடியவை.

மழைக்காலத்தில் எமது தோல்நோய்ப் பிரிவுக்குக் கை கால்களில் தடிப்புடன் வருவோர் பலதரப்பட்டவர். வாய்க்கால் தூர்வாரும் நூறுநாள் வேலையில் புதர் வெட்டியவர், ஆட்டுக்குத் தழை ஒடித்தவர், பந்தைத் தேடி வேலிக்குள் கைவிட்ட சிறுவர், தீபத் திருநாளையொட்டித் திருவண்ணாமலையில் மலைவலம் வந்தபோது பாதையை விட்டு ஒதுங்கியவர் என்று அப்பட்டியல் நீளும். இவர்களுள் பெரும்பாலோருக்கு மருத்துவமனையே தேவைப்படுவதில்லை. தேவைப்படுவோர் யார் என்பதையும், வீட்டில் செய்யவேண்டியது எது, செய்யக்கூடாதது எது என்பதையும் நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும் அறிந்திருத்தல் நலம்.

முதலில், அது எவ்வாறு சுடுகிறது என்பதைக் காண்போம். நெல் அறுப்போரும் கரும்பு வெட்டுவோரும் சுணை என்னும் சொல்லை நன்கு அறிவர். ஆனால் நெற்சுணை வெறுமனே உராய்ந்து அரிப்பூட்டுவது. செந்தட்டியின் சுணை ஊசி போட்டது போன்றது. குளிர்நாடுகளில் விளையும் நெட்டில் என்னும் செடியின் சுணையை ராபர்ட் ஹூக் நுண்பெருக்கியின் அடியில் வைத்து நோக்கி, 1665இல் வெளியிட்ட மைக்ரோகிராஃபியா நூலில் விவரித்தார். அச்சுணை கண்ணாடிக் குழல் போன்றது. அதன் முனை மணற்சத்தால் இறுகியிருக்கும். தோல் பட்டவுடன் முனை ஒடிய, கூரிய குழல் உள்ளே இறங்கி அடியிலுள்ள நீரைச் செலுத்திவிடும். அந்த நீரில் ஹிஸ்டமினும் அசெட்டைல்கோலினும் இருப்பதை எம்மெலின், ஃபெல்ட்பெர்க் ஆகிய இருவரும் 1947இல் எடுத்துக்காட்டினர். இரண்டும் நம் உடலிலேயே ஊறும் பொருள்கள் என்பது வியப்பூட்டுவது. நம் உடல் தனக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அதே பொருளைக் கொண்டு செடி நம்மை விரட்டுகிறது.

நமது செந்தட்டி நெட்டிலின் உறவன்று. வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கருவியும் வேறு. டிராகியா இனத்தின் ஒவ்வொரு சுணைக்குள்ளும் கால்சியம் ஆக்சலேட்டால் ஆன ஊசிவடிவப் படிகம் ஒன்று உள்ளது. தோல் அழுத்தியதும் இந்தப் படிகம் வெளியே நீண்டு குத்த, அதன் நீளவாட்டில் அமைந்த பள்ளத்தின் வழியே எரிச்சலூட்டும் நீர் உள்ளே வழிகிறது. இதன் நடைமுறைப் பயன் ஒன்றுண்டு. படிகம் எளிதில் கரையாது, அழுகாது. எனவே வெட்டிப்போட்டுக் காய்ந்த கொடியும் குத்தக்கூடும். துணியில் ஒட்டிய சுணையும் துவைக்கப்படும் வரையில் குத்தக்கூடும். புதர் வெட்டிய கணவரின் சட்டையைக் கையாண்ட மனைவிக்கு முன்கையில் தடிப்பு எழுவதன் காரணம் இதுவே. அது தொற்றுநோயன்று.

பட்ட சில நிமிடங்களில் எரிச்சல், பின் நமைச்சல், பின் கொசுக்கடி போன்று மேலெழும் வெளிறிய தடிப்புகள். பெரும்பாலும் சில மணி நேரத்திலும், மிஞ்சினால் ஓரிரு நாளிலும் அடங்கிவிடும். காணாக்கடி என்று நாம் கூறும் நோய்க்கு மருத்துவ நூல்கள் வழங்கும் பெயர் அர்ட்டிகேரியா. நெட்டிலின் இலத்தீன் பெயரான அர்ட்டிகா என்பதிலிருந்து பிறந்த சொல் அது. செடியின் கடியைப் பார்த்தே அந்த நோய்க்குப் பெயரிட்டனர்.

பட்டவுடன் செய்யத்தக்கவற்றில் முதன்மையானது, ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டுப்படுத்துவதே. தேய்த்தால் மேலே ஒட்டியிருக்கும் சுணைகளும் தோலுக்குள் இறங்கும். சில நிமிடம் தேய்க்காமல் பொறுத்து, ஓடும் குளிர்ந்த நீரில் அவ்விடத்தைக் கழுவவேண்டும். தோலை ஈரம்போக ஒற்றி எடுத்தபின், மருந்துக்கடையில் கிடைக்கும் ஒட்டும் பிளாஸ்திரியையோ அகலமான செல்லோ டேப்பையோ மெல்ல ஒட்டி, ஒரே திசையில் உரித்தால் எஞ்சிய சுணைகள் அதனோடு வந்துவிடும். எண்ணெய் தடவிய தோலில் டேப் ஒட்டாது என்பதால், தேங்காயெண்ணெய் தடவ விரும்புவோர் இதை முடித்தபின் தடவலாம். உடுத்திய துணியை மாற்றித் தனியே அலசவேண்டும். ஈரத்துணி ஒத்தடமும் காலமைன் பூச்சும் எரிச்சலைத் தணிக்கும். நமைச்சல் தாங்கவில்லையெனில் பெரியவர்கள் செட்டிரிசின் 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அது உறக்கம் தரக்கூடும். உட்கொண்டபின் இருசக்கர வாகனம் ஓட்டுதல் ஆகாது. சிறுநீரகக் குறைபாடு உள்ளோர், கருவுற்றோர், குழந்தைகள் ஆகியோருக்கு அளவு வேறு. மருத்துவரைக் கேட்டே கொடுக்கவேண்டும்.

செய்யக்கூடாதவற்றைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே கூற விரும்புகிறேன். செந்தட்டி பட்டதால் வரும் புண்ணைவிட, அதற்குச் செய்த வைத்தியத்தால் வரும் புண்களே எம்மிடம் மிகுதியாக வருகின்றன. தேள்கடிக்கும் குளவிக்கொட்டுக்கும் போல இதற்கும் சுண்ணாம்பு தடவும் வழக்கம் உள்ளது. சுண்ணாம்பு கடுங்காரம், சுணையால் நுண்துளையிடப்பட்ட தோலை அது வெந்துபோகச் செய்யும். மண்ணெண்ணெயும் அவ்வாறே. சாணச் சாம்பல் புண்ணில் கிருமி சேர்க்கும். இலைச்சாறுகளைப் பொறுத்தவரை நான் அத்துணைக் கடுமை காட்டுவதில்லை. இங்கிலாந்திலும் நெட்டில் பட்ட இடத்தில் டாக் என்னும் செடியின் இலையைத் தேய்க்கும் வழக்கம் தலைமுறைகளாக உள்ளது. குளிர்ந்த சாறு ஆறுதல் தரும். அதைத் தேய்ப்பதுதான் கேடு. மற்றொன்று, மருந்துக்கடையில் கேட்ட மாத்திரத்தில் கொடுக்கப்படும் கலவைக் களிம்புகள். ஸ்டீராய்டு கலந்த இவற்றை அரிப்புக்கெல்லாம் பூசும் பழக்கத்தால் படர்தாமரை உடலெங்கும் பரவி, மாதக்கணக்கில் ஆறாமல் அல்லலுறுவோரை வாரந்தோறும் காண்கிறோம். ஒரு மாலையில் தானே அடங்கும் தடிப்புக்கு அந்தக் களிம்பு வேண்டியதில்லை.

கண்ணில் பட்டால் கசக்காமல் சுத்தமான நீரால் 15 நிமிடமேனும் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு வரவேண்டும். உதடு, நாக்கு, முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், குரல் கம்முதல், மயக்கம், உடல் முழுவதும் தடிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அது கடும் ஒவ்வாமையின் அறிகுறி. இது அரிது, ஆயினும் தோன்றினால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. 108ஐ அழைக்கவேண்டும்.

இனி, எரியாத செந்தட்டியைப் பற்றிக் கூறவேண்டும். இக்கட்டுரையின் மையம் எனக்கு அதுவே.

காலில் தடிப்புகள் வரிசையாக எழுந்திருக்கும். உடன் வந்த மகளோ மருமகளோ அதைக் கண்டு பதறி அழைத்து வந்திருப்பார். நோயாளியோ, 'எனக்கு ஒன்றுமே தெரியவில்லை' என்று சிரித்துக்கொண்டு அமர்ந்திருப்பார். இந்தச் சிரிப்பே எம்மைக் கவலைகொள்ளச் செய்வது. சுட்டும் உறைக்காத கால், உணர்வு குன்றிய கால். நீண்டநாள் நீரிழிவு உடையோரின் பாதத்தில் நரம்புகள் மெல்ல மெல்ல மங்கிவிடும். அவர்கள் அதை உணர்வதில்லை, ஏனெனில் உணரவேண்டிய கருவியே பழுதாகியிருக்கும். செருப்புக்குள் இருக்கும் கல்லையும், அடியில் குத்திய முள்ளையும், வெந்நீரின் சூட்டையும் அறியாத அந்தக் கால்தான் பின்னாளில் ஆறாத புண்ணுடன் வருகிறது.

தோலில் ஊன்றிய நஞ்சுக்கு உடல் எவ்வாறு மறுமொழி கூறுகிறது என்பதை பிரித்தானிய மருத்துவர் சர் தாமஸ் லூயிஸ் தோலின் இரத்தநாளங்கள் பற்றி 1927இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். முதலில் பட்ட புள்ளி சிவக்கும். அடுத்து அங்கே தடிப்பு எழும். மூன்றாவதாகத் தடிப்பைச் சுற்றி விரலகலத்துக்கும் மேலாகச் செம்மை படரும். முதலிரண்டும் இரத்தநாளங்களின் செயல். மூன்றாவதற்கு மட்டும் நரம்பு வேண்டும். நரம்பு அழிந்த தோலில் தடிப்பு எழும், செம்மை படராது. இவ்வுண்மையைக் கொண்டே, ஒரு துளி ஹிஸ்டமினை வைத்துக் குத்திப் பார்த்து, உணர்வற்ற தேமல் தொழுநோயா என்று அறியும் சோதனையை மருத்துவர்கள் நெடுங்காலம் கையாண்டனர். நம் மாநிறத் தோலில் அந்தச் செம்மையைக் கண்ணால் பிரித்தறிவது எளிதன்று. ஆகவே இன்று பஞ்சால் தொட்டும் நைலான் இழையால் அழுத்தியும் உணர்வைச் சோதிக்கிறோம். நீரிழிவுப் பாதத்துக்குப் பயன்படுவது 10 கிராம் அழுத்தம் தரும் இழை. இரண்டு நிமிட வேலை; வலியில்லை.

எனவே செந்தட்டி, முள், சூடு, எறும்பு என எது பட்டும் உறைக்கவில்லை என்று வீட்டில் ஒருவர் கூறுவாரேயானால், அதை அவருடைய உரம் என்று எண்ணிவிடாதீர்கள். நீரிழிவு இருப்பின் பாதச் சோதனைக்கு அழைத்து வாருங்கள். உணர்வற்ற வெளிறிய தேமல் இருப்பின் காலம் தாழ்த்தாமல் காட்டுங்கள். தொழுநோய் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதாக இந்தியா 2005இல் அறிவித்தது. ஆயினும் புதிய நோயாளிகள் இன்றும் உள்ளனர். ஆறு அல்லது பன்னிரண்டு மாத மருந்தில் அது குணமாகும். அம்மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. இவ்வளவும் கூறியபின் ஒரு வேண்டுகோள்: சோதித்துப் பார்ப்பதற்காகச் செந்தட்டி இலையைப் பறித்து எவர் காலிலும் வைக்காதீர்கள். உணர்வற்ற காலில் எழும் தடிப்பும் சொறிந்தால் புண்ணாகும். அப்புண் ஆற நெடுநாள் பிடிக்கும்.

செந்தட்டியின் மேல் வீண்பழி விழுவதும் உண்டு. முருங்கை மரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும் கம்பளிப்பூச்சியின் மயிர் பட்டாலும் இதே அரிப்பும் தடிப்பும் வரும். மரத்தடியில் உலர்த்திய துணியின் வழியே அது குழந்தையின் கழுத்தை அடையும். பூனைக்காலிக் காயின் பொன்னிறச் சுணை மற்றொன்று. இவற்றுக்கும் முதலுதவி ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பார்த்தீனியம் அவ்வாறன்று. 1950களில் பூனாப் பகுதியில் முதலில் கவனிக்கப்பட்டு, பின் நாடெங்கும் பரவிய அந்த அயல்நாட்டுக் களை சுடுவதில்லை. அதன் பொடி காற்றில் பறந்து கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் படிந்து, ஒவ்வாமையுடையோருக்கு ஓரிரு நாள் கழித்து அரிப்பைத் தொடங்கிவைக்கும். தோல் தடித்துக் கறுத்து, ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். எளிய வேறுபாடு இது: செந்தட்டி பட்ட நிமிடத்தில் எரியும், விரைவில் அடங்கும். வாரக்கணக்கில் முகத்திலும் கழுத்திலும் நிற்கும் அரிப்பைச் செந்தட்டி என்று கருதிக் காத்திருக்கவேண்டாம்.

வாசகர்களில் பலர் செந்தட்டியைத் தாம் ஒருமுறையும் தீண்டியதில்லை என்று எண்ணக்கூடும். ஆனால் 2020இல் கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டில் வீடு வீடாக வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரைப் பருகியிருந்தால், இக்கொடியின் வேரைப் பருகியிருப்பார்கள். அதன் 15 சரக்குகளில் சிறுகாஞ்சொறி வேரும் ஒன்று. மயிர்ச்சுணை தண்டிலும் இலையிலும்தான், வேரில் இல்லை. சித்த மருந்துகளின் பயனைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. அதற்குரிய மருத்துவர்கள் உள்ளனர். நான் கூறுவது, வேலியில் தோண்டிய வேரைத் தாமே காய்ச்சிக் குடிப்பதைப் பற்றி மட்டுமே. கொடிகள் பின்னிக்கிடக்கும் புதரில் எந்த வேர் எந்தக் கொடியுடையது என்பதைப் பிரித்தறிவது கடினம். சிறுநீரக நோயாளிகளும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்வோரும் எந்தக் கசாயத்தையும் தம் மருத்துவரிடம் கூறாமல் அருந்தலாகாது.

இத்தனை தொல்லை தரும் கொடிக்குத் தோட்டத்தில் என்ன வேலை? வேரோடு பிடுங்கி எறிந்துவிடலாமே என்று கேட்பவர் உண்டு. திருவண்ணாமலை மலைச்சரிவில் பல ஆண்டுகளாக நாட்டு மரக்கன்றுகள் நடப்பட்டு வருகின்றன; அதைக் கண்டு தம் வீட்டு மனையிலும் நாட்டு மரங்களையும் செடிகளையும் வளர்க்க விரும்புவோர் பெருகியுள்ளனர். மரம் வளர்ந்து நிழல் கூடினால், நிழலை நாடும் கொடிகளும் தாமே வந்து சேரும். செந்தட்டியும் வரும். யாரும் நட்டு வளர்ப்பதில்லை. ஆனால் வந்தால் அதற்கும் விருந்தினர் உண்டு. ஆமணக்கு இலையை உண்ணும் செம்பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சிகள் இரண்டு வகை. அவற்றின் புழுக்கள் செந்தட்டியிலும் வளர்கின்றன. ஜோக்கர் என்று ஆங்கிலத்தில் பெயர்பெற்ற, கருங்கோலமிட்ட மஞ்சட்சிவப்புச் சிறகுடைய மற்றொரு பூச்சியின் புழுவுக்கு இந்த இனமே உணவு. நம்மைச் சுடும் அதே இலையை அவை தயக்கமின்றித் தின்று தீர்க்கின்றன.

ஆகவே என் கருத்து இது. வீட்டில் தவழும் குழந்தையோ, மறதிநோய் உள்ள முதியவரோ, உணர்வு குன்றிய பாதம் உடையவரோ இருப்பின் செந்தட்டியை அகற்றிவிடுங்கள்; வண்ணத்துப்பூச்சிக்கு ஏரிக்கரை உள்ளது. மற்றவர்கள் அதைப் பின்வேலியின் நிழல் மூலையில் விட்டுவைக்கலாம். நடைபாதையிலிருந்தும் துணி உலர்த்தும் கொடியிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் நான்கடியேனும் தள்ளி இருக்கட்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அதன் நுனி எங்கே நீண்டிருக்கிறது என்று பார்த்து, நீளமான கைப்பிடியுடைய கத்தரியால் வெட்டிவிடவேண்டும். பிள்ளைகளுக்கு அந்த இலையைச் சற்றுத் தொலைவிலிருந்து காட்டி, பெயரையும் சொல்லிவையுங்கள். அறிந்த பிள்ளை அதை நாடாது. பள்ளியில் தோழன் முதுகில் தேய்த்துப் பார்க்கும் குறும்பு மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதை ஆசிரியர்கள்தாம் கவனிக்கவேண்டும்.

அகற்றுவதாயின் மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது செய்தல் நன்று. தடித்த ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு, கண்ணாடி ஆகியவை தேவை. இது பல்லாண்டுக் கொடி. மேலே மட்டும் அறுத்தால் வேரிலிருந்து மீண்டும் தழைக்கும். கடப்பாரையால் கிளறி வேரோடு எடுத்துக் குழியில் புதைக்கவேண்டும். தழையைக் கொளுத்தவேண்டாம், ஆஸ்துமா உள்ள வீட்டில் எந்தத் தழைப்புகையும் நல்லதன்று.

தடிப்பு இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலும், சொறிந்த இடத்தில் சீழ், காய்ச்சல், பரவும் செம்மை ஆகியவை தோன்றினாலும் வெளிநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். உட்கொள்ளும் மாத்திரைகளின் சீட்டையும் கொண்டுவாருங்கள். பட்ட செடி எது என்று எமக்குக் காட்டக் கைப்பேசியில் எடுத்த படமே போதும். இலையையே கைக்குட்டையில் முடிந்து வருவோரும் உள்ளனர். அவிழ்த்துப் பார்க்கும் செவிலியரின் விரல்களை எண்ணி, அதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.